நாற்பதுக்கு மேல் போகாதே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. பி.காம் மூன்றாம் ஆண்டு. காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய ஒரு மாதத்தை இன்ஜின் பற்றிப் படித்தே தீர்த்துவிட்டேன். அது வீணாகப் போகக்கூடாது என்றுதான் இந்தக் கட்டுரை. ஆர்வத்தில் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுச் சோறு அந்த இன்ஜினில் இருந்து வருகிறது.

அப்பா வாடகைக்கு ஓட்டும் டிசையர் டீசல், 2012 மாடல். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் புகை, இழுவைக் குறைவு, ஆயில் குடிப்பது என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கடைசியில் இன்ஜினை இறக்கி ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, டர்போவையும் மாற்றினோம். மொத்தம் 92,000 ரூபாய். அம்மாவின் வளையல் பேங்குக்குப் போனது.

நான் படிக்கிற கணக்குப்படி இது பைத்தியக்காரத்தனம். டாக்ஸிக்கு ஆண்டுக்கு 30% தேய்மானம் எழுதலாம். ஏழு லட்சத்துக்கு வாங்கிய வண்டி பத்து வருஷத்தில் புத்தகத்தில் 20,000 ரூபாய்கூடப் பெறாது. அதற்கு 92,000 செலவு! ஆனால் மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதே மைலேஜில் ஒரு புது டீசல் டிசையர் வேண்டும் என்றால் கடையில் கிடையாது. அதனால் நம்ம பக்கத்தில் இந்த வண்டிகளை விற்காமல் இன்ஜின் இறக்கி வேலை பார்த்து ஓட்டுகிறவர்கள் நிறைய.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி வெளியே வந்த அன்று அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதுக்கு மேல போகக்கூடாது."

அப்பா பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. மூன்று வாரம் நாமக்கல், மோகனூர், சேந்தமங்கலம், புதுச்சத்திரம் என்று அந்த வண்டி மாட்டு வண்டிபோல ஊர்ந்தது. பைபாஸில் நாற்பதில் போனால் பின்னால் வருகிற பஸ்காரர் என்ன சொல்லித் திட்டுவார் என்பதை இங்கே எழுத முடியாது. ஆயிரம் முடிந்தது. ஆயில் மாற்றினோம். அடுத்த ஆயிரத்தில் வண்டி ஒரு லிட்டர் ஆயில் குடித்திருந்தது. சைலன்சரில் நீலப் புகை. "போகப் போக செட் ஆயிடும்" என்றார் வேலை பார்த்தவர். 4,000 கிலோமீட்டர் ஆகியும் ஆகவில்லை. மறுபடி ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் சிலிண்டரின் உள்சுவர் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் நோய் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திருச்செங்கோட்டிலிருந்து மாமா வந்தார். ரிக் வண்டி மெக்கானிக். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மாப்ளே, உங்கப்பா இன்ஜினைத் தாலாட்டித் தூங்க வெச்சுட்டாரு."

அப்பா மூன்று நாள் மாமாவோடு பேசவில்லை. யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் நான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, இரண்டு பேரும் சரி என்றுதான் தெரிந்தது. அப்பா சொன்ன விதி பொய் இல்லை. அது வேறு காலத்து இன்ஜினுக்கான விதி.

அந்த விதி பிறந்த கதையைப் பார்ப்போம். நூறு வருஷத்துக்கு முன்னால் கிராங்க் பேரிங் என்பது ஈயமும் தகரமும் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, ஒரு ஆள் கையால் சுரண்டிச் சரி செய்தது. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் அங்கங்கே மேடு இருக்கும். சிலிண்டரைக் குடைந்த மிஷினும் அப்படி ஒன்றும் துல்லியமில்லை. அலுமினிய பிஸ்டன் சூட்டில் எவ்வளவு விரியும் என்பதை அடக்கி வைக்கும் வித்தை அப்போது முழுசாகக் கைவரவில்லை. கொஞ்சம் வேகம் கூடினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் கவ்விக்கொள்ளும், சீஸ் ஆகிவிடும். ஆயிலிலும் இன்றைக்கு இருக்கிற மருந்துச் சரக்கு எதுவும் கிடையாது. அதாவது ஃபாக்டரி முடிக்காமல் விட்ட வேலையை வண்டி வாங்கினவர் ஓட்டி முடிக்க வேண்டும். அதனால்தான் முதல் 500 மைல், 1,000 மைல் மெதுவாகப் போ என்றார்கள். இங்கிலாந்தில் 1950களில்கூடப் புதுக் கார் வாங்கினவர்கள் பின் கண்ணாடியில் "ரன்னிங் இன், தயவுசெய்து முந்திச் செல்லவும்" என்று எழுதி ஒட்டிக்கொண்டு போவார்கள்.

நம்ம ஊர் டிரைவர்களுக்கு இந்தப் பாடம் அங்கிருந்து வந்த வண்டிகளோடு சேர்ந்தே வந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. 1950-ல் இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம், 1955-ல் பெயரே அசோக் லேலண்ட். அந்தப் பக்கம் டெல்கோ 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. பிஸ்டனும் இங்கேயே வந்துவிட்டது. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல் தொடங்கியது. மழையை நம்பி விவசாயம் செய்ய முடியாத சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துக் குடும்பங்கள் இந்த லாரிகளை நம்பின. நிலத்தை விற்று லாரி வாங்கினார்கள், கூட்டுச் சேர்ந்து வாங்கினார்கள். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ரிக் என்று ஊருக்கு ஒரு தொழில் ஆனது.

லாரி ஒன்றுதான் சொத்து என்றால் இன்ஜின் வேலைக்குப் பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டர் கோயில் விரதம் மாதிரி. ஓனர் கண்டிஷனாகச் சொல்வார். டிரைவர் கிளீனருக்குச் சொல்வார். கிளீனர் ஒருநாள் டிரைவராவார். அப்பாவுக்கு இது அப்படித்தான் வந்தது. அவர் ஓட்டிய பழைய லேலண்டில் டர்போ கிடையாது. அந்த வண்டிக்கு அந்த விரதம் கெடுதல் செய்யவும் இல்லை. காலி வண்டியே பல டன் எடை. நாற்பதில் போனாலும் இன்ஜினுக்கு நல்ல வேலை இருக்கும். இதை மாமா சொன்ன பிறகுதான் யோசித்தேன். லாரி நாற்பதில் போவதும் டிசையர் நாற்பதில் போவதும் ஒன்றில்லை. டிசையருக்கு அது நடைப்பயிற்சிகூட இல்லை, படுக்கை.

இப்போது அந்தக் கண்ணாடிப் பளபளப்புக்கு வருவோம். இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரீபோர் செய்த சிலிண்டரை வழவழப்பாக விட மாட்டார்கள். ஹோனிங் என்று ஒரு வேலை உண்டு. சாணைக்கல்லைச் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டி, சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போடுவார்கள். அந்தக் கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டில் ரிங் உரசி, மேடும் ரிங்கும் ஒன்றையொன்று தேய்த்து, ஒரு ஜோடியாக உட்காரும். ரிங் சுவரை அழுத்துவது தன் ஸ்பிரிங் பலத்தால் மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. எரிகிற வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு தள்ளுகிறது. பெடலை நன்றாக மிதித்தால் அழுத்தம் அதிகம், ரிங் கெட்டியாக உரசும், மேடு சீக்கிரம் தேயும். பயந்து பயந்து மிதித்தால் அழுத்தம் போதாது. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஆயில் தங்கி, சூட்டில் கருகி, வார்னிஷ் அடித்ததுபோல் கீறல்களை மூடிவிடும். அதற்குப் பிறகு ரிங் வழுக்கிக்கொண்டே ஓடும். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் உட்காராது. கழற்றி மறுபடி ஹோனிங் போடுவதைத் தவிர வழியில்லை.

இந்த வேலை நடக்கக் கிடைக்கிற நேரமும் கொஞ்சம்தான். முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. 1970களுக்குப் பிறகு ஹோனிங் முறைகள் இன்னும் நுணுக்கமாகி, மேடுகளின் கூர்முனையை ஃபாக்டரியிலேயே சீவி அனுப்புகிறார்கள். அதனால் புதுக் காருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஊர் லேத்தில் ரீபோர் செய்த இன்ஜின் புதுக் கார் இல்லை. அதில் சீவும் வேலை நம் காலில்தான் இருக்கிறது.

மாமா சொன்னதை நம்ப எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. ஆகாயத்தில் கிடைத்தது. சின்ன விமானங்களுக்கு பிஸ்டன் இன்ஜின் செய்யும் லைகாமிங் என்ற அமெரிக்க நிறுவனம், ஓவர்ஹால் ஆன இன்ஜினை முதல் பயணங்களில் 65 முதல் 75 சதவீதம் சக்தியில் ஓட்டச் சொல்கிறது. மெதுவாக ஓட்டினால் சிலிண்டர் சுவர் பளபளத்துவிடும் என்று காரணமும் சொல்கிறது. பழுதானால் ஓரமாக நிறுத்த முடியாத இடத்தில் ஓடுகிற இன்ஜினுக்கே இதுதான் அறிவுரை. அப்பாவிடம் இதைக் காட்டினேன். "அது பிளேனு" என்றார். :-)

டர்போ வந்தபோது கணக்கு இன்னும் மாறியது. அதன் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி, வீணாக வெளியே போகும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சுற்றால் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கலாம் என்று 1905-ல் காப்புரிமை பெற்றார். ஊர் சிரித்ததோ என்னவோ, வேலைக்கு ஆக இருபது வருஷம் பிடித்தது. 1920களின் நடுவில் ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் பொருத்தியபோது 1,750 குதிரைத்திறன் 2,500 ஆனது. இடையில் 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற இன்ஜினியர் ஒரு விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். காற்று மெலிந்த அந்த இடத்தில் டர்போ, இன்ஜினுக்குத் தரைமட்டத்து பலத்தைத் திருப்பிக் கொடுக்கிறதா என்று சோதித்தார். கொடுத்தது. 1938-ல் சுவிஸ் நிறுவனமான சாரர் லாரிக்கும் டர்போ போட்டது.

காருக்கு வந்தது 1962-ல். அதில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பெட்ரோல் இன்ஜின் தட்டாமல் இருக்க, காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே பீய்ச்சும் ஏற்பாடு வைத்தார்கள். பெயர் "டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்". தனி டாங்கி, தீர்ந்தால் நிரப்ப வேண்டும். வாங்கினவர்கள் நிரப்பவில்லை! தீர்ந்தால் டர்போ வேலை செய்யாமல் தடுக்கும் அமைப்பும் இருந்ததால் வண்டி மந்தமாகும். ஜனங்கள் புகார் சொன்னார்கள். இரண்டே வருஷத்தில் அந்த மாடல் நின்றது. அப்புறம் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தரும் நிலைமை. டர்போவைச் செய்வது ஒரு பாதி, அதை வைத்துக்கொள்ளப் பழகுவது இன்னொரு பாதி. இந்த இரண்டாவது பாதி அமெரிக்காவில் தோற்றதை வைத்துப் பார்த்தால் எங்கள் வீட்டுத் தோல்வி அப்படி ஒன்றும் கேவலம் இல்லை.

1978-ல் மெர்சிடிஸ் டர்போ டீசல் காரை விற்றது. இந்தியாவில் 1982-ல் சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் வந்தது. 1993-ல் டாடாவும் கம்மின்ஸும் ஜாம்ஷெட்பூரில் கூட்டு சேர்ந்தன. ஆனாலும் டர்போ எல்லா லாரிக்கும் வந்தது புகை விதிகளால்தான். 2000-ல் நாடு முழுக்க வந்த விதி, அடுத்து பாரத் ஸ்டேஜ் 2, 3 என்று இறுகிக்கொண்டே போனது. கரும்புகையைக் குறைக்க இன்ஜினுக்கு அதிகக் காற்று வேண்டும். அதிகக் காற்றுக்கு டர்போ வேண்டும். கார் பக்கம் ஃபியட் 2003-ல் கொண்டுவந்த 1.3 மல்டிஜெட் இன்ஜின் 2007-ல் ஸ்விஃப்டில் ஏறியது, பிறகு டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று எங்கு பார்த்தாலும் அதுதான். டர்போ என்றால் என்ன என்றே தெரியாமல் ஊரில் பாதிப் பேர் டர்போ வண்டி ஓட்டினார்கள். அதில் எங்கள் அப்பாவும் ஒருவர்.

மாமாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? ரிக் வண்டியில் கம்ப்ரஸரைச் சுற்றும் இன்ஜின் டர்போ டீசல். அதற்குக் கிலோமீட்டர் கிடையாது, மணிக்கணக்குதான். போர் போட ஆரம்பித்தால் இன்ஜின் முழு லோடில் ராத்திரி பகலாக ஓடும். ஓவர்ஹால் ஆன இன்ஜினை வைத்துக்கொண்டு "மெதுவாகத் துளை போடு" என்று பாறையிடம் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுக் கசிவு, ஆயில் பிரஷர், சூடு பார்ப்பார்கள். லோடைப் படிப்படியாக ஏற்றிவிடுவார்கள். அந்த இன்ஜின்கள் நன்றாகவே உட்காருவதை முப்பது வருஷமாகப் பார்த்தவர் அவர். புத்தகம் படித்துச் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை ஹோனிங், புது ரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து இன்னும் 21,000 ரூபாய். இந்த முறை அப்பா சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். மாமா முதலில் டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பைக் கழற்றி உள்ளே ஆயில் ஊற்றினார். பிறகு இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, பிரஷர் லைட் அணையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடித்தார். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றுவது. அது நிற்பதே ஆயில் படலத்தின் மேல்தான். முதல் சில விநாடி வறட்சியாகச் சுற்றினால் 92,000-த்தில் ஒரு பகுதி அங்கேயே போயிற்று.

ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிஷத்துக்கு மேல் நிறுத்தி ஓடவிடவில்லை. நேராக ரோடு. நாமக்கல்லிலிருந்து ஆண்டகளூர் கேட், சேலம், ஓமலூர், தொப்பூர். வண்டியில் மாமா, நான், எடைக்காக அவருடைய இரண்டு ஆட்கள். சூடு ஏறியதும் நான்காவது கியரில் ஐம்பதிலிருந்து எண்பதுவரை அழுத்தி மிதிப்பார். உடனே காலை எடுத்து, கியரிலேயே ஐம்பதுக்கு இறங்கவிடுவார். மறுபடி மிதி. மிதிக்கும்போது ரிங் உரசும், விடும்போது ஆயில் மேலேறிக் கழுவிக் குளிர வைக்கும் என்றார். ஒரே வேகத்தில் போகவே இல்லை. டாப் கியரில் திணறவும் விடவில்லை, சிவப்புக் கோட்டுக்கு விரட்டவும் இல்லை. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் நல்ல லோடு கொடுத்தார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதுகிற இடம் அது. திரும்பி வரும்போது நாங்கள் கியரிலேயே இறங்கினோம். அந்த விஷயத்தில் மட்டும் அப்பாவும் மாமாவும் என்றைக்கும் ஒரே கட்சி.

500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். வடிந்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளிப் பொடி மாதிரி மினுக்கியது. தேய்மானம் என்ற வார்த்தையை மூன்று வருஷமாக எழுதுகிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் செய்வதெல்லாம் பெரிய வித்தை இல்லை. ஸ்டார்ட் ஆன உடனே முறுக்குவதில்லை. ஹைவேயில் விரட்டி வந்தால் அணைக்குமுன் ஒரு நிமிஷம் ஓடவிடுவது. இல்லாவிட்டால் சிவக்கச் சுட்ட டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கரியாகும். ஊருக்குள் மெதுவாக வந்து சேர்ந்தால் அதுகூடத் தேவையில்லை. ஏர் ஃபில்டரை டயர் கடையில் காற்றடித்து ஊதி ஊதிப் போடும் பழக்கத்தை மாமா நிறுத்திவிட்டார், பேப்பர் கிழிந்தால் புழுதி நேராக டர்போ இறக்கைக்கும் சிலிண்டருக்கும்தான் போகும். எங்கள் பக்கத்துப் புழுதி சாதாரணப் புழுதி இல்லை. இன்னொன்று, ரேடியேட்டருக்கு போர் தண்ணீர். வீட்டுக் குழாயில் உப்புப் படிவதைப் பார்த்தும் அதையே வண்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். இப்போது கூலன்ட் மட்டும்தான்.

அப்பா டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். ஞாயிறு காலையில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து அதில் எழுதுவார். 6,000 கிலோமீட்டருக்கு எதிரே "மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஊற்றவில்லை" என்று இருக்கிறது. வளையல் இன்னும் பேங்கில்தான், அடுத்த ஆடிக்குள் மீட்டுவிடலாம் என்கிறார். சவாரி முடிந்து வந்தால் வாசலில் வண்டி ஒரு நிமிஷம் ஓடிக்கொண்டே நிற்கும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா எட்டிப் பார்ப்பாள். உள்ளே லைட்டைப் போட்டுக்கொண்டு அப்பா அன்றைய கிலோமீட்டரை எழுதிக்கொண்டிருப்பார்.